நாற்பத்தொரு நிமிடம் அதிகமாக ஓடிய படம்

மச்சான்,

அந்த டிவிடி உறையின் மேல் சுற்றியிருந்த கண்ணாடித் தாளைக் கிழித்ததும் ஒரு வாசனை வந்தது பார், அது அப்படியே புது பஸ்ஸின் ரெக்சின் சீட் வாசனை. டெப்போவிலிருந்து புதிதாக ஒரு வண்டி வந்தால் நீ டைம் ஆபீஸை விட்டு இறங்கி வந்து, ஏறி, மூன்றாவது சீட்டில் ஒரு நிமிடம் உட்கார்ந்து மோந்து பார்த்துவிட்டு இறங்குவாயே, அதே வாசனை. உடனே உன் மேல் கோபம் வந்தது. செத்து ஒரு வருடம் ஆகப்போகிற மனிதன் மேல் கோபப்படக் கூடாது என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். அவளுக்கு என்ன தெரியும். உன்னோடு முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் நான். சரி, பதினெட்டு.

பார்த்தாயா, நீ இல்லாமலேயே குறைக்க ஆரம்பித்துவிட்டேன். அப்படிப் பழக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

உன் வேலையே அதுதானே. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனைக்கு வெளியே போனது என்று நோட்டில் எழுதுவது, மைக்கில் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. பஸ் ஸ்டாண்டு வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு என்னுடையது. தமிழ்நாட்டிலேயே பெரிய சைக்கிள் ஸ்டாண்டு இது என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் டீயை உறிஞ்சிக்கொண்டே நீ மெதுவாக, "பாதியாக்கு மச்சான்" என்பாய். கடலூர் மாவட்டத்திலேயே பெரியது என்பேன். இன்னும் பாதியாக்கு என்பாய். கடைசியில், வாசலில் இருக்கிற இரண்டு ஸ்டாண்டுகளில் பெரியது என்ற இடத்தில் வந்து நிற்கும். ஒரு மனிதனைச் சந்தோஷமாக இருக்க விடுகிறாயா நீ?

விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மகனை உனக்குத் தெரியும். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அவனும் உன்னைப் போலத்தான், சோற்றில் கல் பொறுக்குகிற மாதிரி என் பேச்சில் பொய் பொறுக்குவான். போன மாதம் அவனிடம் அந்தப் படத்தின் முடிவைப் பற்றி வாய் விட்டுவிட்டேன். எந்தப் படம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதுகில் வெள்ளி ரெக்கை, இடது கையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கடிகாரம், அதைத் திருகிவிட்டுக் காலத்தில் முன்னும் பின்னும் பறப்பானே, அந்தப் படம்.

கேட்டுவிட்டு, அந்த மாதிரி சீனே படத்தில் கிடையாது என்றான். நீ பார்த்தது மெட்ராஸ் பிரிண்ட், எங்கள் ஊருக்கு வந்தது முழுசு என்றேன். சிரித்தான். நம் ஊர்த் தியேட்டரில் இருப்பதை வெட்டுவார்களே தவிர ஒட்ட மாட்டார்கள் என்றான். அதோடு விட்டானா? அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஒரு டிவிடியோடு வந்தான்.

"வெட்டுனது எல்லாத்தையும் திருப்பிச் சேத்துட்டாங்க மாமா. நாப்பத்தோரு நிமிஷம் ஜாஸ்தி. இதுல இல்லன்னா அந்த சீன் உலகத்துல எங்கயுமே இல்ல."

உறையைப் பிரித்த கையோடு அதை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். ஏன் என்று உனக்குத் தெரியுமா? தெரியுமா தெரியாதா என்பதுதான் ஐந்து வருடமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிற கேள்வி. உயிரோடு இருந்தபோது கேட்க வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து எத்தனை படம் பார்த்திருப்போம்! ஒன்றுக்காவது நீ முடிவு வரை உட்கார்ந்திருக்கிறாயா? மேட்னி இரண்டரைக்கு. உன் டூட்டி ஐந்து மணிக்கு. தியேட்டரிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற தூரம். நாலே முக்கால் ஆனதும், திரையில் யார் கழுத்தில் யார் கத்தி வைத்திருந்தாலும் சரி, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவாய். வில்லன் சாவதை நீ கண்ணால் பார்த்ததே கிடையாது. அரை மணி கழித்து நான் டைம் ஆபீஸுக்கு வந்து மிச்சத்தைச் சொல்ல வேண்டும். மைக்கில் பண்ருட்டி, வடலூர் என்று கூப்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "சொல்லு" என்பாய். சொல்வேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன்தான், ஆனால் டைரக்டர் சாகடித்த அம்மாவை நான் பிழைக்கவைத்திருக்கிறேன். ஓடிப்போன தங்கையைக் கூட்டிவந்து கல்யாணம் செய்துவைத்திருக்கிறேன். கார் எரிந்தபோதே அவன் செத்துவிட்டானே, சண்டைக்கு எப்படி வந்தான் என்று நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பாய். கதவைத் திறந்து குதித்துவிட்டான் என்று அந்த இடத்திலேயே தைத்துக் கொடுப்பேன்.

ஒரு நாள் மைக்கை அணைக்க மறந்துவிட்டாய், ஞாபகம் இருக்கிறதா? நான் கிளைமாக்ஸ் சொல்கிறேன், ஸ்பீக்கரில் ஊரே கேட்கிறது. பஸ் ஏற வேண்டிய கூட்டம் ஐந்நூறு பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். சரி, இருநூற்றைம்பது. ஆனால் பூக்கூடையோடு ஒரு பெரியவர் ஜன்னல் வரை வந்து, "அப்புறம் அந்தப் பொண்ணு இன்னா ஆச்சுங்க?" என்று கேட்டது சத்தியமான உண்மை. அதைப் பாதியாக்க முடியாது. ஜன்னலில் அவர் தலையை முழுசாகப் பார்த்தோமே.

இப்படி எல்லாவற்றிலும் கறார். வண்டியை ஒருத்தருக்காகவும் நிறுத்தமாட்டாய். ஏழு என்றால் ஏழு. என் வீட்டுக்காரி கையில் மூட்டையோடு பத்தடி தூரத்தில் ஓடி வருகிறாள், சேத்தியாத்தோப்பு வண்டிக்கு விசில் கொடுத்து அனுப்பிவிட்டாய். அவள் இன்றைக்கும் அதை மறக்கவில்லை. உன் பதினாறாம் நாள் காரியத்தில் சோறு பரிமாறிக்கொண்டே அதைத்தான் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நிறுத்தினாய்.

இரண்டாயிரத்து நாலு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் காலை டூட்டி உனக்கு. ஏழு மணி கடலூர் வண்டி பின்வாங்கித் திரும்பி, வெளியே மூக்கை நீட்டியாகிவிட்டது. உன் தம்பி தோளில் கிரிக்கெட் மட்டையோடு ஓடி வந்தான். இருபத்தாறு வயது, டிவி மெக்கானிக். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் சிநேகிதப் பையன்களோடு மேட்ச். நீ கையைத் தூக்கினாய். டிரைவருக்கே ஆச்சரியம். அவன் வந்து படியில் தொற்றிக்கொண்டு, உன்னைப் பார்த்து மட்டையை ஆட்டிவிட்டுப் போனான். நீ நோட்டில் ஏழு இரண்டு என்று எழுதினாய். அடுத்த வண்டி ஏழு இருபதுக்கு. கடல் எட்டரைக்கு மேல் வந்தது.

மூன்றாம் நாள் கடலூர் பெரியாஸ்பத்திரிக்கு நாம் இரண்டு பேரும்தான் போனோம். இந்த இடத்தில் நான் எதையும் கூட்டவில்லை.

அதற்குப் பிறகு நீ மனுஷனாகவா இருந்தாய்? வண்டி அரை நிமிடம் தாமதித்தாலும் ஜன்னலில் தலையை விட்டுக் கத்தினாய். இரண்டு வருடத்துக்கு மேல் சினிமாவுக்கு வரவில்லை. கூப்பிட்டால், போ என்றாய். ஒரே ஒரு நாள், நான் கேட்காமலே, டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

"ரெண்டு நிமிஷம் மச்சான். வண்டிய விட்டிருந்தேன்னா ஏழு இருபதுலதான் போயிருப்பான்."

ஊருக்கே பேச்சு விற்கிறவன் நான். அன்றைக்கு டீக்கடைக்காரரிடம் இன்னும் இரண்டு டீ சொன்னேன். அவ்வளவுதான் முடிந்தது.

இரண்டாயிரத்து ஏழில் அந்தப் படம் தமிழ் பேசிக்கொண்டு நம் தியேட்டருக்கு வந்தது. போஸ்டரைப் பார்த்தேன். பெரிய கடிகாரம். டைம் கீப்பருக்கென்றே எடுத்த படம், இதற்கு உன்னை இழுத்துக்கொண்டு போயே தீருவது என்று முடிவு கட்டினேன். கதை என்னவென்று யாரையாவது ஒரு வார்த்தை கேட்டேனா? ஊருக்குப் படக்கதை சொல்கிறவன் இன்னொருத்தனிடம் போய்க் கதை கேட்பதா என்ற கொழுப்பு. என் ஆயுசில் நான் செய்த முட்டாள்தனங்களிலேயே பெரியது அது. பாதியாக்கினாலும் பெரியதுதான்.

படம் ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் ரெக்கைக்காரனின் தம்பி செத்துப்போகிறான். இவன்தான் அவனைப் பாலத்துக்கு வரச் சொல்லியிருக்கிறான். பாலம் இடிந்து ஆற்றில் விழுகிறது. தலைவலிக்கிறது, வா போகலாம் என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "உக்காரு" என்றாய்.

இடைவேளையில் முறுக்கைக் கடித்துக்கொண்டு வழக்கம்போல நொட்டை சொன்னாய். ஒன்பது மணிக்குக் கிளம்பினவன் எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் டிரிப் ஷீட்டில் எதை முதலில் எழுதுவது? அவன் பழைய ஆளும் அங்கே இருக்கிறான், புது ஆளும் இருக்கிறான், ஒரே நம்பரில் இரண்டு வண்டி ஓடினால் செக்கிங்கில் பிடிக்கமாட்டானா? நான் எனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தை எடுத்துவிட்டேன். காலமும் ரோடு மாதிரிதான், இவன் கடிகாரத்தில் ரிவர்ஸ் கியர் இருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். ரிவர்ஸில் போகிறவனுக்குப் பின்னால் பார்க்கக் கண்ணாடி வேண்டும் என்றாய். நீ பழையபடி பேசுகிறாய் என்று எனக்குள் ஒரு நிம்மதி.

இடைவேளைக்குப் பிறகு அவன் மூன்று தடவை பின்னால் போனான். பாலத்திலிருந்து தம்பியைக் கூட்டி வந்தால் தீயில் போனான். தீயிலிருந்து காப்பாற்றினால் வில்லன் கையில் போனான். நான்காவது தடவை போகக் கடிகாரத்தில் கை வைக்கிறான், மணி நாலே முக்கால். நீ எழுந்தாய். எப்போதும் எழுந்தால் திரும்பிப் பார்க்காத ஆள், அன்றைக்கு வாசல் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய். அப்புறம் போய்விட்டாய்.

முடிவைப் பார்த்தது நான். நான்காவது தடவையும் தம்பி செத்துப்போனான். ரெக்கைக்காரன் கடிகாரத்தைக் கல்லில் அடித்து உடைத்துவிட்டுப் பாலத்தில் தனியாக உட்கார்ந்தான். வில்லன் ஒரு கண்ணைத் திறந்தான், அடுத்த பாகம் வருமாம். விளக்கைப் போட்டுவிட்டார்கள். எழுந்து நின்று திரையைத் திட்டினேன். இவ்வளவு பெரிய தேசத்தில், இத்தனை பேர் சேர்ந்து படம் எடுக்கிறீர்களே, ஒருத்தனுக்காவது அந்தத் தம்பியை இரண்டு வார்த்தை பேசவிடலாம் என்று தோன்றவில்லையா?

டைம் ஆபீஸுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று எனக்கே தெரியாது. மற்ற நாளில் "சொல்லு" என்பவன், அன்றைக்கு நான் படியேறும் முன்பே கேட்டாய்.

"காப்பாத்திட்டானா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் பிடித்திருப்பாய். எப்படி, எந்த வழியாக, எத்தனை மணிக்கு என்று குடைந்து எடுத்திருப்பாய். அதனால் இல்லை என்றேன். உன் முகம் போன போக்கைப் பார்த்ததும், ஆனால் அங்கேதான் ஒரு சீன் வைத்தான் பார் என்று ஆரம்பித்தேன். அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

நான்காவது தடவை ரெக்கைக்காரன் தம்பியைத் தடுக்கவில்லை, பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் அவனோடு போய் உட்கார்ந்தான் என்றேன். அந்த ஊரில் ஏது டீக்கடை என்றாய். சரி, காபிக்கடை. இரண்டு பேரும் குடித்தார்கள். அப்புறம் தம்பிக்காரன் சொன்னான்: "அண்ணே, நீ கூப்ட்டதால நான் வரல. நீ கூப்புடலன்னாலும் வந்திருப்பேன். எனக்குத் தண்ணிகிட்ட போய் நிக்கணும்னு இருந்துச்சு. அதுக்கு நீ எதுக்குத் திரும்பத் திரும்ப ஓடியாற?" சொல்லிவிட்டு, சிரித்து, கையை ஆட்டிவிட்டுப் பாலத்தில் நடந்து போனான். இவன் பின்னால் ஓடவில்லை. போகவிட்டான். படம் முடிந்தது என்றேன்.

உன் கையில் மைக் இருந்தது. நீ எதையும் கூப்பிடவில்லை. சேத்தியாத்தோப்பு கண்டக்டர் இரண்டு தடவை விசில் அடித்துவிட்டு உன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வண்டி இரண்டு நிமிடம் தாமதமாகத்தான் போனது. அதையும் நோட்டில் உள்ளபடி எழுதினாய். ஆனால் பாதியாக்கு என்று மட்டும் நீ சொல்லவில்லை.

அடுத்த வாரம் எனக்குச் சனி பிடித்தது. லீவே போடாத நீ லீவு போட்டுவிட்டு மேட்னிக்குத் தனியாகப் போனதாகத் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவர் வந்து சொன்னார். இத்தனை வருடம் பொய் சொல்லியிருக்கிறேன், ஒன்றுக்கும் பயந்ததில்லை. இதற்குப் பயந்தேன். செத்துப்போன தம்பியை வைத்து எவனோ கதை கட்டினான் என்று நீ நினைத்தால்? அந்த எவனோ நான்தான் என்று தெரிந்தால்?

மறுநாள் சாயங்காலம் ஒரு பச்சை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாய். எப்போதும் நடந்து வருகிறவன். டோக்கன் கொடுத்தேன். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றாய்.

"சரிதான் மச்சான்" என்றாய். ஐந்து மணி டூட்டிக்குப் போய்விட்டாய்.

என்னய்யா அர்த்தம் இதற்கு? சரிதான் என்றால், நீ சொன்ன சீன் இருந்தது, சரி என்றா? இல்லவே இல்லை, ஆனாலும் சரி என்றா? போடா, நீ இப்படித்தான் என்றா? சோற்றுப் பானை கொள்ளளவு முதல் கோயில் தேர்க் கூட்டம் வரை நான் சொன்ன எல்லாவற்றையும் திருத்தியவன், நான் சொன்னதிலேயே பெரிய பொய்க்கு ஒரே ஒரு வார்த்தை, அதுவும் இரண்டு பக்கமும் ஓடுகிற வார்த்தை. அதற்குப் பிறகு பழையபடி என்னோடு படத்துக்கு வந்தாய், நாலே முக்காலுக்கு எழுந்து போனாய், முடிவு கேட்டாய். பிள்ளைத்தாய்ச்சி யாராவது ஓடி வந்தால் வண்டிக்குக் கையைக் காட்டி நிறுத்தினாய். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே, கேட்க வாயில்லாமல் நான்கு வருடம் ஓட்டினேன்.

போன வருடம் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் டூட்டிக்கு எழுந்திருக்கவில்லை. ரிடையராக ஐந்து மாதம் இருந்தது. படம் முடிவதற்குள் எழுந்து போகிற புத்தி எங்கே போகும் உனக்கு.

இப்போது டிவிடிக்கு வருகிறேன். தங்கச்சி, அதுதான் உன் சம்சாரம், கடலூர் மஞ்சக்குப்பத்தில் மகள் வீட்டில்தான் இருக்கிறாள். போனில் பேசும்போது இதையும் உளறிவிட்டேன். அவர் தனியாகப் போன ஒரே படம் அது, நானும் பார்க்கணும் அண்ணே என்றாள். மாட்டிக்கொண்டேன். அந்த சீன் இல்லையென்றால் அக்கா மகன் முன்னால் மானம் போகும், அது பழகிப்போனது. உன் சம்சாரம் முன்னால் நான் யார்? அவள் புருஷனின் துக்கத்தில் பொய்யைக் கலந்து கொடுத்தவன். மறுக்க வழி தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு கடலூர் போனேன்.

பதினோரு மணிக்குப் படத்தைப் போட்டான். பன்னிரண்டுக்குக் கரண்ட் போனது. ஒன்றுக்கு வந்தது, இரண்டுக்குப் போனது, மூன்றுக்குத்தான் திரும்பி வந்தது. இந்த வருடம் நம் பக்கத்துக் கரண்ட் கட்டைப் பார்க்காமல் போனாயே, நீ பாக்கியசாலி. ஆனால் கரண்டைக்கூட மன்னிக்கலாம், அந்த நாற்பத்தொரு நிமிடத்தை மன்னிக்க முடியாது. புதிதாகச் சேர்த்த இடத்துக்கெல்லாம் தமிழ்க் குரல் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். வாசல் வரை தமிழில் பேசிக்கொண்டு வந்தவன் கதவைத் திறந்து உள்ளே போனதும் இங்கிலீஷில் பேசுகிறான். வெளியே வந்தால் மறுபடியும் தமிழ். ஒவ்வொரு தடவை இங்கிலீஷ் வரும்போதும் நாற்காலி நுனிக்கு வந்தேன், இதுவா, இதுவா என்று. ஒரு இங்கிலீஷில் ரெக்கைக்காரன் முகச்சவரம் செய்தான். ஒரு இங்கிலீஷில் விஞ்ஞானி ஒருவன் பலகையில் கோடு கோடாகக் கிழித்தான். மிச்ச இங்கிலீஷில் எல்லாம் அவன் நடந்தான். ரெக்கை வைத்திருக்கிறவன் ஏன் மச்சான் இப்படி நடக்கிறான்? இதையெல்லாம் முதலில் வெட்டி எறிந்த புண்ணியவானுக்குக் கோயில் கட்ட வேண்டும். தங்கச்சி கீரையை ஆய்ந்துகொண்டே, "இவன் இன்னாண்ணே, வரன் பாக்கப் போறவன் மாதிரி ஆற அமரப் போறான்" என்றாள்.

மூன்றரை மணிக்கு, ரெக்கைக்காரன் நான்காவது தடவைக்குக் கடிகாரத்தில் கை வைத்தான். கரண்ட் போய்விட்டது. அந்த நேரத்தில் கட் கிடையாது, அட்டவணையிலேயே இல்லாத கட். அக்கா மகன் ரிமோட்டைத் தொடையில் தட்டினான். எனக்குத் திட்டவும் தெம்பில்லை.

தங்கச்சி விசிறியை என் கையில் கொடுத்துவிட்டு, எப்போது வருமோ, வராவிட்டால் போகிறது, முடிவுதான் எனக்குத் தெரியுமே என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் என்றாள். டீக்கடை, தம்பி, எல்லாம். எனக்குத் தண்ணிகிட்ட போய் நிக்கணும்னு இருந்துச்சு என்பது வரைக்கும், நான் சொன்ன வார்த்தை மாறாமல் சொன்னாள். காபிக்கடை என்று என்னைத் திருத்தவைத்தாயே, அதை மட்டும் நீ அவளிடம் மறுபடி டீக்கடை ஆக்கிவிட்டிருக்கிறாய்.

நான் விசிறியைக் கீழே வைத்தேன். ஐந்து வருடம் உன்னிடம் கேட்காததை அவளிடம் கேட்டேன். லீவு போட்டுவிட்டுப் போனானே, அன்றைக்கு முடிவைப் பார்த்துவிட்டு வந்து என்ன சொன்னான்?

"எங்கண்ணே பாத்தாரு. எடைவேளையிலயே வூட்டுக்கு வந்துட்டாரு. இன்னாங்க, அதுக்குள்ள படம் வுட்டுட்டாங்களான்னேன். முடிவு தெரியும், போதும்னாரு. நேரா கொல்லைக்குப் போயி, சாக்கு போத்தி வச்சிருந்தாரே தம்பி சைக்கிளு, அத எடுத்துத் தொடைக்க ஆரம்பிச்சிட்டாரு. அது வரைக்கும் அதத் தொடக்கூட வுடல எங்கள."

அப்பாவி மாதிரி எழுந்து வந்திருக்கிறாய்! ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்துவிடும் என்றுதானே எழுந்து வந்தாய்? எதையும் சரிபார்க்காமல் விடாத மனிதன், சரிபார்க்கவென்றே போய், பாதியில் திரும்பி வந்து, மறுநாள் தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்து சரிதான் என்றாயே. அதை அன்றைக்கே விளக்கமாகச் சொன்னால் என்ன கெட்டுவிடும் உனக்கு? ஐந்து வருடம் நான் பயந்தது பாழ்.

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது, டிவி நீலமாக விழித்தது. அக்கா மகன் ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டு, அழுத்தாமல் என்னைப் பார்த்தான். தங்கச்சி டீ போட உள்ளே போனாள், டிவிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலே முக்கால் ஆக இரண்டு நிமிடம். இதை நான் கூட்டவில்லை, நீ நம்பினால் நம்பு.

எழுந்து வேட்டியைத் தட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்பது அவனுக்கும் தெரியும்.

"முடிவு பாக்கலயா மாமா?"

"தெரியும்டா."

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவன் டிவிடியை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டான். மூன்றாம் நாள் போன் வந்தது. மிச்சத்தையும் போட்டுப் பார்த்தேன் மாமா என்றான். நான் ஒரு சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோற்றவனைக் கேலி செய்ய அவனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஆயுசுக்கும் வராது.

"சரிதான் மாமா" என்றான். வைத்துவிட்டான்.

முழுசும் பார்த்தானா, அவனும் பாதியில் எழுந்தானா, நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

அன்றைக்கு டோக்கன் வாங்கி நீ போட்டுவிட்டுப் போன அந்தப் பச்சை சைக்கிள் இன்னும் என் ஸ்டாண்டில்தான் நிற்கிறது, முதல் வரிசையில், வெயில் படாத இடத்தில். எடுத்துக்கொள்ளச் சொன்னேன், உங்களிடமே இருக்கட்டும் என்றாள் தங்கச்சி. வெள்ளிக்கிழமை தோறும் காற்று அடித்து, செயினுக்கு எண்ணெய் விடுகிறேன். யார் வண்டி அண்ணே, இப்படி மின்னுகிறதே என்று கேட்பார்கள். ஏழு மணி கடலூர் வண்டிக்குப் போனவனுடையது என்பேன். மேலே கேட்டால் அந்தப் படத்தின் கதையை ஆரம்பிப்பேன். ரெக்கை, கடிகாரம், பாலம் எல்லாவற்றிலும் என் கைச்சரக்கு கொஞ்சம் சேரும், அது நான் செத்தாலும் போகாது. டீக்கடை வரும்போது மட்டும் நிதானமாகிவிடுவேன். ஒரு வார்த்தை கூட்டமாட்டேன். நீயே ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னாலும் பாதியாக்கமாட்டேன்.